புரூப் மாமாவின் பென்சில்

காலமானவர்கள் வீட்டிலிருந்து எனக்கு என்னென்னவோ வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு தடவை வெற்றிலைச் செல்லம் வந்தது. ஒரு தடவை, நான் அடியோடு மறந்து போயிருந்த கைமாற்றுக் கணக்கு வந்தது. போன வருஷம் ஒரு சாக்கு மூட்டை வந்தது.

புரூப் மாமாவின் மகன் அதை ஆட்டோவிலிருந்து இறக்கி, மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க என் அறை நடுவே வைத்தான்.

"அப்பா உங்களிடம் சேர்க்கச் சொல்லியிருந்தார், ஸார். பழைய பேப்பர்காரனுக்குப் போட எனக்கும் மனசு வரவில்லை" என்றான்.

அவிழ்த்துப் பார்த்தேன். பதினொரு இங்கிலீஷ் புஸ்தகங்கள், ஒரு தமிழ்ப் புஸ்தகம். அத்தனையும் பீட்டில்ஸ் என்ற லிவர்பூல் பாட்டுக் கோஷ்டியைப் பற்றியவை. வாழ்க்கை வரலாறும் வம்பும் அல்ல. எந்தப் பாட்டை எந்தத் தேதியில் எந்த ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள், யார் எந்த வாத்தியம் வாசித்தார்கள், தட்டு எப்போது கடைக்கு வந்தது என்று பஞ்சாங்கம் மாதிரி வரிசையாகச் சொல்லும் புஸ்தகங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சில் எழுத்து, எறும்பு ஊர்ந்தாற்போல.

புரூப் மாமா யார் என்று சொல்லிவிடுகிறேன். திருவல்லிக்கேணிச் சந்து ஒன்றில் இருந்த அச்சுக்கூடத்தில் முப்பது வருஷம் புரூப் பார்த்தவர். என் நாவல்களில் முக்கால்வாசி அவர் கண் வழியாகத்தான் உலகத்துக்கு வந்தன. எழுத்துப் பிழை திருத்துவதோடு அவர் நிற்பதில்லை. விஷயப் பிழைக்கும் போவார். "ஸார், பதினேழாம் அத்தியாயத்தில் அமாவாசையன்று நிலாவைக் காயவிட்டிருக்கிறீர்களே?" என்று ஒரு தடவை ஆள் அனுப்பிக் கேட்டார். கதாநாயகி மொட்டை மாடியில் அழுவதற்கு நிலா வேண்டியிருந்தது. திதியை நான் எங்கே கண்டேன்? இன்னொரு நாவலில், மாயவரத்தில் இறங்க வேண்டியவரைச் சீர்காழி தாண்டித் தூங்கவைத்துவிட்டு, மறு பக்கத்தில் மாயவரத்திலேயே காப்பி குடிக்க வைத்திருந்தேன். அதையும் பிடித்தார். கோபமாகச் சொல்லமாட்டார். ஏதோ தன் வீட்டுப் பண்டம் காணாமற்போனாற்போல் கவலையுடன் சொல்வார்.

இப்படிப்பட்டவருக்கும் பீட்டில்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். மூர் மார்க்கெட் எரிந்து போவதற்கு முன், அங்கே பழைய அகராதி தேடப் போன இடத்தில், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் தொழிற்சாலையில் அச்சான பீட்டில்ஸ் தட்டு ஒன்று உறை கிழிந்து கிடந்ததாம். தட்டின் நடுச்சீட்டில் ஏதோ எழுத்துப் பிழை இருந்ததைப் பார்த்து வாங்கி வந்தாராம்! பிழைக்காக வாங்கியவர் பாட்டில் மாட்டிக்கொண்டார். பிறகு பர்மிங்காமில் இருந்த தங்கை மகன் புஸ்தகங்கள் அனுப்பத் தொடங்கினான். பாட்டைக் கேட்பதற்குச் சமமான ருசி, அந்தப் புஸ்தகங்களுக்குப் புரூப் பார்ப்பதில் இருந்தது அவருக்கு.

புதிதாக ஒரு புஸ்தகம் வந்தால் அவர் முதல் பக்கத்தைப் புரட்டமாட்டார். பின்னால் உள்ள அகராதியைப் பார்த்து 'லவ் மீ டூ' என்ற பாட்டு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுவார். அங்கேதான் முதல் பரீட்சை.

பீட்டில்ஸ் பெயரில் இ.எம்.ஐ. கம்பெனி வெளியிட்ட முதல் தட்டு அது. 1962 அக்டோபர் 5-ஆம் தேதி வந்தது. ஆனால் அந்தப் பாட்டை அவர்கள் லண்டன் அபி ரோட்டில் உள்ள ஸ்டூடியோவில் மூன்று தடவை பதிவு செய்திருக்கிறார்கள். ஜூன் 6-ஆம் தேதி டிரம் வாசித்தவர் பீட் பெஸ்ட். ஆகஸ்டில் அவரைக் கழற்றிவிட்டு ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்துக்கொண்டார்கள். செப்டம்பர் 4-ஆம் தேதி ரிங்கோ வாசித்தார். அது மேலிடத்துக்குத் திருப்தியாக இல்லை. செப்டம்பர் 11-ஆம் தேதி, கூலிக்கு வந்து வாசித்துவிட்டுப் போகும் ஆண்டி ஒயிட் என்பவரை டிரம்முக்கு உட்காரவைத்து, ரிங்கோவின் கையில் டாம்பரினைக் கொடுத்து ஓரமாக நிறுத்திவிட்டார்கள். டாம்பரின் நம் கஞ்சிராவுக்குத் தூரத்து உறவு, சலங்கை ஜாஸ்தி.

முதலில் அச்சான தட்டுகளில் இருப்பது ரிங்கோவின் டிரம். 1963-இல் வந்த நீண்ட தட்டில் இருப்பது ஆண்டி ஒயிட்டின் டிரம். பிற்பாடு அச்சான சிறு தட்டுகளிலும் அதுவே. பாட்டில் டாம்பரின் சலசலத்தால் ஒயிட், சலசலக்காவிட்டால் ரிங்கோ. செப்டம்பர் 4-ஆம் தேதி மூல நாடா காணாமற்போய்விட்டதால், பின்னால் மறுபடி வெளியிட்டபோது நல்ல நிலையில் இருந்த பழைய தட்டு ஒன்றிலிருந்துதான் நகல் எடுத்தார்கள். பீட் பெஸ்ட் வாசித்ததும் போய்விட்டது என்றே பல காலம் நினைத்திருந்தார்கள். 1995-இல் அது வெளியே வந்தது.

ஆகவே, "இந்தப் பாட்டில் டிரம் வாசித்தவர் ரிங்கோ" என்று எழுதும் புஸ்தகமும் சரி, "ஆண்டி ஒயிட்" என்று எழுதும் புஸ்தகமும் சரி, இரண்டுமே தவறும்கூட. எந்தத் தட்டு என்று சொல்லாமல் பதில் சொல்கிறவன் கேள்வியே புரியாதவன் என்பது மாமாவின் கட்சி.

"சரி, ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்த்தாயிற்று அல்லவா?" என்பேன்.

"சோற்றுக்கு அது சரி, ஸார். பானைக்குள் ஒரே அரிசி. புஸ்தகம் அப்படியா? மேலே பழைய அரிசி, நடுவில் புது அரிசி, அடியில் கல். மூன்று இடத்தில் அள்ளிப் பார்க்க வேண்டும்."

நடு அள்ளல், 1965-ஆம் வருஷத்து 'இன் மை லைஃப்'. அதன் நடுவே ஒரு வாத்திய இசை வருகிறது. எந்தக் காது கேட்டாலும் ஹார்ப்ஸிகார்ட் என்ற பழைய ஐரோப்பிய வாத்தியம் என்றுதான் சொல்லும். உண்மையில் அது பியானோ. அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின், அக்டோபர் 22-ஆம் தேதி, நாடாவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, பியானோவை மெதுவாகத் தாழ்ந்த சுரத்தில் வாசித்துப் பதிவு செய்தார். முழு வேகத்தில் ஓட்டியபோது அது இரட்டிப்பு வேகமும் ஒரு ஸ்தாயி உயரமுமாகக் கணீரென்று வந்துவிட்டது. 'ஹார்ப்ஸிகார்ட்' என்று எழுதியவர் காதை மட்டும் நம்பியவர். காது பொய் சொல்லாது. ஆனால் அதை ஏமாற்றலாம்.

அடி அள்ளல், 1968-ஆம் வருஷத்து 'ஹெல்ட்டர் ஸ்கெல்ட்டர்'. ஸ்டீரியோ தட்டில் பாட்டு அடங்கிப்போய், மறுபடி எழும்பி, கடைசியில் விரல் கொப்பளித்துவிட்டது என்று ரிங்கோ அலறுவதோடு முடியும். மோனோ தட்டில் அலறலே கிடையாது. பாட்டும் ஏறக்குறைய ஒரு நிமிஷம் குறைவு. ஒரே பாட்டு, ஒரே பதிவு, இரண்டு முடிவுகள். இதைச் சொல்லாத புஸ்தகத்துக்கு மாமா ஓரத்தில் 'ஒற்றைக் காது' என்று எழுதிவைப்பார்.

இந்த மூன்றிலும் தேறிய புஸ்தகம்கூட எல்லாவற்றிலும் தேறும் என்று அவர் ஒப்புக்கொண்டதில்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எதை வைத்து?"

ஆசிரியர் நாடாவைக் கேட்டாரா? நாடாப் பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் பார்த்தாரா? வாசித்தவர் முப்பது வருஷம் கழித்துச் சொன்னதைக் கேட்டாரா? அல்லது வேறு புஸ்தகத்தைப் பார்த்து எழுதினாரா? கடைசி ரகம்தான் ஜாஸ்தி. மூன்று புஸ்தகங்கள் ஒரே பிழையைச் சொன்னால் நாம் மூன்று சாட்சி என்று நினைத்துவிடுகிறோம். மாமா அச்சுக்கூடத்து ஆள். முதற்பதிப்பில் விழுந்த பிழை மறுபதிப்புகளில் எப்படிப் பிழைத்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒரு சாட்சியும் இரண்டு எதிரொலியும் என்பார்.

1970-களில் வந்த புஸ்தகங்களுக்கு ஒரு சலுகை கொடுப்பார். அமெரிக்காவில் காஸல்மன், போட்ரஸிக் என்ற இருவர் போட்ட பெரிய அட்டவணை போன்றவை வெளியே நின்று எழுதியவை; கம்பெனியின் பெட்டகம் அவர்களுக்குத் திறக்கவில்லை. தட்டையும் சீட்டையும் பத்திரிகையையும் வைத்துக்கொண்டு முட்டிமோதினார்கள். 1988-இல் மார்க் லூயிஸோன் எழுதிய பதிவு வரலாறு வேறு ஜாதி. இ.எம்.ஐ.யே கதவைத் திறந்துவிட்டது. அவர் நாடாக்களைக் கேட்டார். அன்றன்றைக்கு எழுதிய தாள்களைப் பார்த்தார். ஸ்டூடியோ சிப்பந்திகளைத் தேடிப்பிடித்துப் பேசினார். அதற்குப் பின் வந்த எவரும் அந்தப் புஸ்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் பேனாவைத் திறக்க முடியவில்லை.

ஆனால் தாளும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ஸ்டூடியோவில் ஒவ்வொரு தடவை வாசிக்கத் தொடங்கும்போதும் ஒரு எண் கொடுப்பார்கள். இரண்டு வினாடி வாசித்து நிறுத்தினாலும் அதற்கு ஒரு எண். இடம் போதாமல் ஒரு நாடாவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி எழுதினால் அதற்கும் அடுத்த எண். 1968-இல் ஜார்ஜ் ஹாரிஸனின் 'நாட் கில்ட்டி' என்ற பாட்டுக்கு எண் நூற்றைத் தாண்டிப் போயிற்று. உடனே "நூறு தடவைக்கு மேல் பாடினார்கள்" என்று எழுதினால் எப்படி? அவற்றில் பல, ஆரம்பத்திலேயே நின்று போனவை. என் நாவலில் நான் அடித்துத் திருத்திய பக்கங்களையெல்லாம் கூட்டி, "இவர் ஆயிரம் பக்கம் எழுதினார்" என்று சொன்னால் எனக்குப் பெருமைதான். வாசகருக்கு அது உண்மை அல்ல.

தேதி விஷயமும் அப்படித்தான். 'ஸார்ஜண்ட் பெப்பர்' தட்டு 1967 ஜூன் 1-ஆம் தேதி வெளிவந்தது என்று எங்கும் எழுதியிருக்கும். அது குறித்த முகூர்த்தம். இங்கிலாந்துக் கடைகளில் மே 26-ஆம் தேதியே விற்பனை தொடங்கிவிட்டது.

ஞாபகத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 'இன் மை லைஃப்' பாட்டின் மெட்டு யாருடையது என்பதில், அதை உண்டாக்கிய ஜான் லெனனும் பால் மக்கார்ட்னியுமே ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். இருவரும் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. நானும் என் தங்கையும் எங்கள் தகப்பனார் கடைசியாகச் சொன்ன வார்த்தை எது என்பதில் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அவளும் நானும் அதே கட்டிலருகேதான் நின்றோம்.

இனி என் பிழைக்கு வருகிறேன். இத்தனை நேரம் சுற்றிவளைத்ததற்குக் காரணம் அதுதான் என்று வாசகர் ஊகித்திருப்பார்.

'ஸார்ஜண்ட் பெப்பர்' தட்டில், 'விதின் யூ விதவுட் யூ' என்று ஒரு பாட்டு. நம் நாட்டு வாத்தியங்களை வைத்து ஜார்ஜ் ஹாரிஸன் அமைத்தது. பீட்டில்ஸில் மற்ற மூவருக்கும் அதில் வேலையே இல்லை. தில்ரூபா, தம்பூரா, தபலா வாசித்தவர்கள் லண்டனில் வசித்த இந்தியர்கள். எட்டு வயலினும் மூன்று செல்லோவும் மேற்கத்தியர் வாசித்தார்கள். 1967 மார்ச் 15-ஆம் தேதி பதிவு ஆரம்பமாயிற்று. தட்டின் உறையில் உலகத்துப் பிரபலங்கள் முகமெல்லாம் இருக்கிறது. அந்த இந்தியர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

2004-ஆம் வருஷம் ஒரு தீபாவளி மலருக்கு இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். ஏதோ ஒரு புஸ்தகத்தில், சிதார் வாசித்தவர் பண்டித ரவிசங்கர் என்று பார்த்த ஞாபகம். ஹாரிஸனுக்குச் சிதார் கற்றுக்கொடுத்தவர் அவர்தானே, வேறு யார் வாசிப்பார்கள் என்று எழுதிவிட்டேன். தபலாவுக்கு ஒரு பெயர் வேண்டும். முந்தின வருஷத்து 'ரிவால்வர்' தட்டின் உறையில் அனில் பகவத் என்று இருக்கிறது, வேறு பாட்டுக்காக. அவரைத் தூக்கி இந்தப் பாட்டில் உட்காரவைத்தேன். நாவலாசிரியன் கை சும்மா இருக்குமா? ஊதுபத்தி ஏற்றினேன். பண்டிதர் கண்ணை மூடிக்கொண்டார். ஹாரிஸன் கைகட்டிக் கீழே உட்கார்ந்தார். கட்டுரை பிரமாதம் என்று பலர் கடிதம் போட்டார்கள்.

புரூப் மாமாவும் ஒரு கார்டு போட்டார். மலருக்கு அவர் புரூப் பார்க்கவில்லை; விலை கொடுத்து வாங்கிப் படித்திருக்கிறார். "சிதார் வாசித்தவர் ஹாரிஸனே என்று லூயிஸோன் எழுதியிருக்கிறார். மற்ற இந்தியர்கள் பெயரை அவர் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாததாகவே விட்டிருக்கிறார். அந்தக் காலியிடத்தில் தாங்கள் எதை வைத்து எழுதினீர்கள் என்று தெரிவித்தால் என் பிரதியில் குறித்துக்கொள்வேன்."

பரிகாசமே இல்லாத கார்டு. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. "நான் கதை எழுதுகிறவன், பாட்டுத் தட்டுக்குக் கணக்குப்பிள்ளை அல்ல" என்று பதில் கார்டு போட்டேன். அவர் பதில் எழுதவில்லை. இரண்டு வருஷம் நான் அச்சுக்கூடத்துப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் சாப்பிடப் போயிருந்தார்.

பிற்பாடு ஒரு கல்யாணத்தில் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை அமைந்து பேச்சு தொடங்கிவிட்டது. மேளத்தைப் பற்றிப் பேசினோம், பாயசத்தைப் பற்றிப் பேசினோம். அந்தக் கட்டுரையைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அதற்குள் நான் லூயிஸோனைப் பார்த்தாகிவிட்டது. அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், கட்டுரைகளைத் தொகுதியாகப் போட்டபோது ஊதுபத்தியோடு அப்படியே சேர்த்துவிட்டேன். பலர் பாராட்டிய கட்டுரை. கைவைக்க மனம் வரவில்லை. முதல் தடவை செய்ததை அறியாமை என்று தள்ளிவிடலாம். இரண்டாம் தடவை செய்ததற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். எழுத வெட்கமாக இருக்கிறது.

லூயிஸோன் இவ்விஷயத்தில் என்னை வெட்கப்படுத்துகிறவர். 2013-இல் 'ட்யூன் இன்' என்று பீட்டில்ஸின் ஆரம்ப காலத்தைப் பற்றி மிகப் பெரிய புஸ்தகம் ஒன்று கொண்டுவந்தார். ஜார்ஜ் மார்ட்டின் இந்தப் பையன்களைக் கேட்டு, பிடித்துப்போய்ச் சேர்த்துக்கொண்டார் என்று உலகமெல்லாம் சொல்லிவந்த இனிமையான கதையை அதில் கலைத்துவிட்டார். இ.எம்.ஐ.யின் பாட்டுப் பிரசுரப் பகுதியில் இருந்தவர்களின் நெருக்கடியும் மேலதிகாரியின் உத்தரவும் அதில் எவ்வளவு வேலை செய்தன என்று காட்டினார். இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு, இருந்த நல்ல பெயரோடு சும்மா இருந்திருக்கலாம். மாமாவின் பிரதியில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் 'பேஷ்' என்று எழுதியிருக்கிறது. மூட்டை முழுவதிலும் அந்த வார்த்தை அங்கே ஒரு இடத்தில்தான்.

அந்தத் தமிழ்ப் புஸ்தகத்தைக் கடைசியில் எடுத்தேன். இளைஞர் ஒருவர் எழுதியது, நல்ல உழைப்பு. 'விதின் யூ விதவுட் யூ' பற்றிய பக்கத்தில், சிதார் ரவிசங்கர், தபலா அனில் பகவத் என்று போட்டு, ஆதாரமாக என் பெயரையும் என் தொகுதியின் பக்க எண்ணையும் கொடுத்திருக்கிறார்! படித்ததும் உடம்பு குன்றிப்போயிற்று.

அந்தப் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு கார்டு செருகியிருந்தது. நான் போட்ட கணக்குப்பிள்ளை கார்டு.

என் பெயருக்கு எதிரே மாமா ஒன்றும் எழுதவில்லை. 'எதை வைத்து?' என்றுகூட இல்லை. இரண்டு பெயர்களையும் மெல்லிய கோட்டால் அடித்துவிட்டு, சேர்க்க வேண்டிய இடத்தில் புரூப் குறி போட்டு, ஓரத்தில் எழுதியிருக்கிறார்: சிதார், ஜார்ஜ் ஹாரிஸன். தில்ரூபா, அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜர். தம்பூரா, புத்ததேவ் கன்ஸாரா. தபலா, நட்வர் ஸோனி. கீழே '2017' என்று வருஷம். பாட்டு வந்து ஐம்பது வருஷம் ஆனபோதுதான் அந்த நால்வரையும் தேடிக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னார்கள். மாமா அதை எங்கோ படித்திருக்கிறார். படித்த அன்று எனக்குச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். நான் போட்ட கார்டை எடுத்துப் பார்த்திருப்பார்.

ஐம்பது வருஷம் பெயரில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தார்கள் அந்த நால்வர். அதில் ஒருவர் இடத்தில் வேறு ஒருவரை உட்காரவைத்து, பெயர் தெரியவரும் வழியையும் தமிழில் அடைத்துவைத்தவன் நான்.

இளைஞருக்குக் கடிதம் எழுதினேன். மரியாதையாகப் பதில் போட்டார்: மறுபதிப்பு வந்தால் திருத்துவதாகவும், ஆனால் தங்களைப் போன்ற பெரியவர் எழுதியதால் சரிபார்க்கத் தோன்றவில்லை என்றும். இரண்டாவது பாதியை நான் பல தடவை படித்தேன்.

என் தொகுதியின் மறுபதிப்பு இப்போது அச்சில் இருக்கிறது. ஊதுபத்தியை அணைத்துவிட்டேன், பண்டிதரை எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். நான்கு பெயர்களையும் அவரவர் வாத்தியத்தோடு எழுதிக்கொடுத்தேன். கட்டுரையில் அரைப் பக்கம் குறைந்துவிட்டது. பழைய சோபையும் இல்லை.

நேற்று புரூப் வந்தது. அந்தப் பக்கத்தை முதலில் படித்தேன். சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டு மூடி வைத்தவன், ராத்திரி படுக்கப் போகுமுன் எதற்கோ மறுபடி திறந்தேன். தம்பூரா வாசித்தவர் பெயர் 'புத்ததேவ் கஞ்சிரா' என்று இருந்தது.

விளக்கைப் போட்டு, பென்சிலைச் சீவிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.